கடன்பெற்று வாங்கும் கம்பனியின் பெறுமதி

கம்பனியொன்றை வாங்குவோர் விலையின் பெரும்பகுதியைக் கடனாகப் பெற்று, அக்கடனை அக்கம்பனியின் வருவாயினின்றே இறுக்க எண்ணுவதுண்டு. அத்தகைய கம்பனிக்குப் பெறுமதி காண்பது எங்ஙனம்?

வருங்காலப் பணம் இன்றைய பணத்துக்கு ஒப்பாகாது. நூற்றுக்குப் பத்து வட்டியெனின், அடுத்த ஆண்டு கிடைக்கும் 110 ரூபாவின் இன்றைய பெறுமதி 100 ரூபாவே. இவ்வாறு ஒவ்வோராண்டின் வரவையும் வட்டிக்கழிவு செய்து கூட்டினால் கம்பனியின் பெறுமதி பெறப்படும். ஆண்டுதோறும் 12 கோடி என்றென்றும் வருமாயின் அது 120 கோடி. 9 கோடியாயின் 90 கோடி. கடன் 80 கோடி எனக் கொள்வோம். முன்னைய நிலையில் உரிமையாளர்க்கு எஞ்சுவது 40 கோடி. பின்னையதில் 10 கோடியே. வரவு காற்பங்கு குறைய, உரிமையாளர் பங்கில் முக்காற்பங்கு அழிந்தது! வரவு 7 கோடியாயின் கடனுக்கே பெறுமதி போதாது. இம்முறையை நெம்புகோலுக்கு ஒப்பிடுவது பொருத்தமே. அது இருபுறமும் நெம்பும். ஆதலின் நன்னிலை, இடைநிலை, தாழ்நிலை எனத் தனித்தனியே கணித்தல் வேண்டும்.

2007 இல் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்து மின்சாரக் கம்பனியாகிய ரி.எக்ஸ்.யு., ஏறத்தாழ 4,500 கோடி டொலருக்கு இவ்வாறு வாங்கப்பட்டது. அங்கு மின்விலை பெரும்பாலும் இயற்கை வாயுவின் விலையைத் தழுவியது. கம்பனியோ நிலக்கரியாலும் அணுசக்தியாலும் மலிவாக மின்பிறப்பித்தது. வாயு விலை உயர்ந்திருக்கும்வரை இலாபம் மிகும். அவ்விலை எவ்வளவு வீழ்ந்தால் கடன் இறுக்க இயலாது போகும் என்பதே அங்கு முதற்கண் கேட்கத்தக்க வினா. 2008 இன் பின், பாறைப் படிவுகளினின்று வாயு பெருமளவில் எடுக்கப்பட, விலை வீழ்ந்தது. 2014 ஏப்ரிலில் அக்கம்பனி ஏறத்தாழ 4,000 கோடி டொலர் கடனுடன் வங்குரோத்து நீதிமன்றத்தை நாடியது. வாங்கியோர் இட்ட ஏறத்தாழ 800 கோடி டொலர் முதலும் அழிந்தது.