பூமி மறைத்த வெடிப்பு

2017 ஆகஸ்ட் 17. சுமார் 13 கோடி ஒளியாண்டுக்கு அப்பால் இரண்டு நியூட்ரான் விண்மீன்கள் மோதி ஒன்றான சேதி அன்றுதான் நம்மை வந்தடைந்தது. முதலில் ஈர்ப்பலை, 1.7 வினாடி கழித்துக் காமா கதிர் வெடிப்பு. அமெரிக்காவின் ஃபெர்மி விண்கலம் அதைப் பிடித்துவிட்டது. இந்தியாவின் ஆஸ்ட்ரோசாட் விண்கலத்துக்குக் கிட்டவில்லை. கருவியில் குறையில்லை. அந்த நொடியில் குறுக்கே பூமி நின்றது!

வெடிப்பின் காமா கதிர்களை வளிமண்டலம் விழுங்கிவிடும். நேரடியாகப் பிடிக்க விண்ணுக்குத்தான் போகவேண்டும். முதலில் பிடித்தவர்கள் தேடியதோ வேறொன்றை. 1963-இல் அணுகுண்டுச் சோதனைத் தடை ஒப்பந்தம் வந்ததும், சோவியத் ஒன்றியம் விண்வெளியில் ரகசியமாக வெடிக்கிறதா என்று வேவுபார்க்க வேலா செயற்கைக்கோள்களை அமெரிக்கா ஏவியது. ஜோடி ஜோடியாக, பூமிக்கு எதிரெதிர்ப் பக்கங்களில், ஒரு லட்சம் கிலோமீட்டருக்கும் மேலான உயரத்தில் அவை சுற்றின. 1967 ஜூலை 2-இல் பதிவான ஒரு காமா கதிர்த் துடிப்பு, இரண்டு ஆண்டு கழித்துப் பழைய பதிவுகளைப் புரட்டியபோதுதான் லாஸ் அலமோஸ் ஆய்வகத்தின் ரே கிளிபசாடல், ராய் ஓல்சன் கண்ணில் பட்டது. குண்டின் சாயல் அதில் இல்லை.

அடுத்து வந்த வேலாக்கள் நேரத்தை இன்னும் நுட்பமாகக் குறித்தன. ஒரு செயற்கைக்கோளைத் தொட்ட கதிர் மற்றதைத் தொட ஒரு வினாடிக்கும் குறைவான தாமதம். அந்தத் தாமதமே திசையைக் காட்டிக்கொடுத்தது: பூமியிலிருந்து வரவில்லை, சூரியனிலிருந்தும் வரவில்லை. 1973-இல் 16 வெடிப்புகளை உலகுக்கு அறிவித்தார்கள். குண்டுக்கு வைத்த காவல் பேரண்டத்தின் கதவைத் திறந்தது என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்குச் சிலிர்க்கும்.

ஆஸ்ட்ரோசாட் 2015 செப்டம்பர் 28-இல் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிளம்பியது. அதிலுள்ள காட்மியம் துத்தநாக டெலுரைடு கருவி, தான் நோக்கும் திசையைப் படம்பிடிக்கவென்று அமைந்தது. ஆனால் 100 கிலோ எலக்ட்ரான் வோல்ட்டுக்கு மேற்பட்ட கதிர்கள் அதன் பெட்டிச் சுவரையே ஊடுருவி உள்ளே வந்துவிடும். அதனால் பக்கவாட்டில் நடப்பதும் பதிவாகிறது. அக்டோபர் 6-இல் கருவியை இயக்கிய அன்றே ஒரு வெடிப்பு சிக்கியது. இதுவரை ஐந்நூறுக்கும் மேல். பூமிக்குப் பின்னால் நடப்பதை மட்டும் அதனால் பார்க்க முடியாது.

அதற்கு வழி வேலா காலத்திலேயே தெரிந்ததுதான்: எதிரெதிரே இரண்டு கண்கள். மும்பை ஐ.ஐ.டி. தலைமையில் இந்திய விஞ்ஞானிகள் முன்மொழிந்திருக்கும் 'தக்ஷா' திட்டம் அப்படி இரட்டைச் செயற்கைக்கோள்களைக் கேட்கிறது. அடுத்த மோதலின் ஒளி ஏற்கெனவே நம்மை நோக்கிக் கிளம்பிவிட்டது. அது வந்துசேரும் முன் தக்ஷா பறக்கவேண்டும்.