கைக்குள் அடங்கும் கார்கள்

பழங்காலத்தைத் தோண்டி ஆராயும் அறிஞர்களுக்குச் சில வேளைகளில் மாட மாளிகைகளைவிடக் குழந்தைகளின் விளையாட்டுப் பொருள்களே பெருந்துணை புரிகின்றன. அரப்பா, மொகஞ்சதாரோ ஆகிய நகரங்களில் ஏறத்தாழ 4,500 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த மக்கள் ஏறிச் சென்ற மரவண்டிகள் மண்ணோடு மண்ணாகி மறைந்தன. ஆனால், அவர்களுடைய குழந்தைகள் உருட்டி விளையாடிய சுடுமண் வண்டிகள் நமக்குக் கிடைத்துள்ளன. புதுடில்லித் தேசியப் பொருட்காட்சிச் சாலையில் அவற்றைக் காணலாம். அக்கால வண்டியின் சட்டமும் சக்கரமும் எவ்வாறு இருந்திருக்கும் என்று ஆராய்வோர் பெரிதும் நம்பியிருப்பது இச்சிறு பொம்மைகளையே. சூத்திரகர் இயற்றிய ‘மிருச்சகடிகம்’ என்னும் வடமொழி நாடகத்திற்குப் பெயர் தந்ததும் ஒரு சிறு மண்வண்டிதான். நம் தமிழிலோ, ஆண்பாற் பிள்ளைத்தமிழின் பத்துப் பருவங்களுள் இறுதியானது சிறுதேர்ப் பருவமாகும்.

ஆகவே, மோட்டார் கார்களின் சிற்றுருவங்களைத் தேடிச் சேர்த்து வைப்பவரைக் கண்டு, ‘வளர்ந்தவருக்கு இது என்ன விளையாட்டு?’ என்று நகைப்பது பொருந்தாது. பெரியது மறைந்த பின்னர் அதற்குச் சான்றாக நிற்பது பல சமயங்களில் சிறியதேயாகும். இச்சிற்றுருவங்கள் தோன்றிய வரலாற்றையும், அவை செய்யப்படும் முறையையும், அவற்றை அருகருகே வைத்துப் பார்க்கும்போது நம் நாட்டுக் கார்களைப் பற்றி நாம் என்ன கருத்துக் கொள்ளலாம் என்பதையும் இங்கே ஒருவாறு எடுத்துரைப்போம்.

இங்கிலாந்தில் லிவர்பூல் நகரத்தைச் சேர்ந்த பிராங்க் ஹார்ன்பி என்பவர், துளையிட்ட உலோகப் பட்டைகளைத் திருகாணிகளால் இணைத்துப் பொறிகளும் பாலங்களும் அமைக்கும் விளையாட்டு ஒன்றுக்கு 1901-ஆம் ஆண்டில் காப்புரிமை பெற்றார். அதுவே பின்னர் ‘மெக்கானோ’ என்று உலகெங்கும் பெயர் பெற்றது. அடுத்து, அவருடைய நிறுவனம் பொம்மை ரயில்களைச் செய்யத் தொடங்கியது. ரயில் நிலையம் இருந்தால் அதன் வாயிலில் கார்களும் நிற்க வேண்டுமல்லவா? அதன் பொருட்டு 1933-ஆம் ஆண்டின் இறுதியில் சில சிறு வண்டிகள் வெளியிடப்பட்டன. 1934-இல் அவற்றுக்கு ‘டிங்கி டாய்ஸ்’ என்னும் பெயர் அமைந்தது. ரயிலுக்குத் துணையாக வந்த கார், பின்னர் ரயிலையே மறக்கச் செய்துவிட்டது.

இன்று சேகரிப்போர் பலரும் போற்றும் 43-இல் ஒரு பங்கு என்னும் அளவு எங்கிருந்து வந்தது என்று பலர் வியப்பதுண்டு. அதன் விடையும் இந்த ரயிலிலேயே உள்ளது. அப்பொம்மை ரயில்களில் உண்மையான ஓர் அடி நீளம் 7 மில்லிமீட்டராகக் குறுக்கப்பட்டது. ஓர் அடி என்பது 304.8 மில்லிமீட்டர். அதனை ஏழால் வகுத்தால் சற்றேறக்குறைய 43½ வரும். காருக்கென்று தனியே ஆராய்ந்து வகுக்கப்பட்ட அளவன்று இது. ரயிலிடமிருந்து பெற்ற சீதனமே ஆகும்.

1947-இல் லண்டனில் லெஸ்லி ஸ்மித், ராட்னி ஸ்மித் என்னும் இருவர் தங்கள் பெயர்களின் பகுதிகளை இணைத்து ‘லெஸ்னி’ என்னும் நிறுவனத்தைத் தொடங்கினர். இருவருக்கும் உறவு ஏதுமில்லை. பெயர் ஒற்றுமை மட்டுமே. அவர்களுடன் சேர்ந்த ஜாக் ஓடெல் என்னும் பொறியாளரின் மகள் படித்த பள்ளியில், தீப்பெட்டிக்குள் அடங்கும் பொம்மையையே கொண்டுவரலாம் என்று விதி இருந்ததாம். மகளுக்காக அவர் சாலை உருளை ஒன்றைத் தீப்பெட்டிக்குள் அடங்கும் அளவில் செய்து கொடுத்தார். அதிலிருந்து எழுந்ததே 1953-இல் விற்பனைக்கு வந்த ‘மேட்ச்பாக்ஸ்’ வரிசை. 1956-இல் மெட்டாய் நிறுவனத்தின் ‘கார்கி’ கார்கள் வெளிவந்தன. அவற்றின் சன்னல்களில் ஒளிபுகும் பிளாஸ்டிக் தகடு பொருத்தப்பட்டிருந்தது அக்காலத்தில் பெரும் புதுமையாகக் கருதப்பட்டது. 1965-இல் அவர்கள் செய்த ஜேம்ஸ் பாண்டின் ஆஸ்டன் மார்ட்டின் கார், இருக்கையிலிருந்து ஆளைத் தூக்கியெறியும் பொறியுடன் வந்து குழந்தைகளின் நெஞ்சைக் கவர்ந்தது.

1968-இல் அமெரிக்காவின் மேட்டல் நிறுவனம் ‘ஹாட் வீல்ஸ்’ கார்களை வெளியிட்டது. மெல்லிய அச்சுக்களில் தடையின்றிச் சுழன்ற சக்கரங்களால் அவை மற்றவற்றை முந்தி ஓடின. அதுவரை குழந்தை, பொம்மையைப் பார்த்து இது எந்தக் கார் என்று கேட்டது. அதன் பின்னர் இது எவ்வளவு விரைவாக ஓடும் என்று கேட்கலாயிற்று. காலத்தின் போக்கு மாறியது. லிவர்பூலில் இருந்த டிங்கி தொழிற்சாலை 1979-இல் மூடப்பட்டது. லெஸ்னி 1982-இலும் மெட்டாய் 1983-இலும் நொடித்துப் போயின. பெயர்கள் மட்டும் கைமாறிக் கைமாறி வாழ்கின்றன.

இனிச் செய்முறையைச் சிறிது காண்போம். எஃகினால் ஆன இரட்டை அச்சுக்குள், உருக்கிய துத்தநாகக் கலவையை மிகுந்த அழுத்தத்துடன் செலுத்துவார்கள். அது சில நொடிகளில் இறுகிவிடும். பிறகு பிசிறு நீக்கி, வண்ணம் பூசி, அடித்தகடும் சக்கரமும் பொருத்துவார்கள். அக்கலவையில் துத்தநாகமே பெரும்பகுதி. நூற்றுக்கு நான்கு பங்கு அளவில் அலுமினியமும், மிகச் சிறிதளவு மக்னீசியம் முதலியனவும் சேரும். இங்கேதான் ஒரு பேரிடர் ஒளிந்திருக்கிறது. கலவையில் ஈயம் சிறிதளவு கலந்துவிட்டாலும், உலோகத்தின் நுண்மணிகளுக்கு இடையே அரிப்புத் தோன்றி, ஆண்டுகள் செல்லச் செல்ல உள்ளிருந்தே வெடிப்புக் காணும். ஈரக்காற்று அதனை விரைவுபடுத்தும். முதலில் மயிரிழை போன்ற கோடு. பிறகு வண்ணத்தில் கொப்புளம். முடிவில் கார் தானாகவே துண்டு துண்டாகச் சிதையும். இரண்டாம் உலகப் போருக்கு முந்திய டிங்கி கார்கள் பல இவ்வாறே அழிந்தன. இந்நோய்க்கு மருந்து இல்லை. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தொற்றாது என்பது ஒன்றே ஆறுதல்.

சேகரிப்பவர் முதலில் தெளிவு பெற வேண்டியது அளவைப் பற்றித்தான். நம் அம்பாசடர் காரின் நீளம் ஏறக்குறைய 4.3 மீட்டர். 43-இல் ஒரு பங்காக்கினால் அது 10 சென்டிமீட்டர் ஆகும். 18-இல் ஒரு பங்காக்கினால் 24 சென்டிமீட்டர். தீப்பெட்டிக் கார்களின் தொடக்க காலத்தில் பெட்டியின் அளவே பெரிதாகக் கருதப்பட்டமையால், பேருந்தும் காரும் ஒரே நீளத்தில் அமைந்தன. அவை கண்ணுக்கு இனியவையே. ஆனால் ஒப்பிட்டு அறிய உதவா. ஒரே அளவில் செய்யப்பட்ட கார்களை வரிசையாக நிறுத்தினால்தான் எது உயரம், எது அகலம், எது யாருக்காக வடிக்கப்பட்டது என்பது விளங்கும்.

அவ்வாறு நம் நாட்டுக் கார்களை மனத்தில் நிறுத்திப் பார்ப்போம். 1953-ஆம் ஆண்டில் வெளிவந்த சுங்கவரி ஆணையத்தின் அறிக்கையை ஒட்டி, நாட்டிலேயே படிப்படியாகக் கார்களைச் செய்ய முன்வந்த நிறுவனங்களுக்கே அரசு இடமளித்தது. பாகங்களைக் கொண்டுவந்து பூட்டி விற்றுவந்த ஜெனரல் மோட்டார்ஸ், போர்டு ஆகிய இரு அமெரிக்க நிறுவனங்களும் வெளியேறின. அதன் பின் ஏறத்தாழ முப்பதாண்டுகள் நம் சாலைகளில் பெரிதும் ஓடியவை மூன்று குடும்பங்களைச் சேர்ந்த கார்களே. வங்காளத்தில் உத்தரபாராவில் செய்யப்பட்ட அம்பாசடர் ஒன்று. பம்பாயில் குர்லாவில் செய்யப்பட்டு, 1974-இலிருந்து பிரீமியர் பத்மினி என வழங்கிய பியட் மற்றொன்று. சென்னையில் 1961-இலிருந்து செய்யப்பட்ட ஸ்டாண்டர்ட் ஹெரால்டு மூன்றாவது.

அம்பாசடர், மாரிஸ் ஆக்ஸ்போர்டு என்னும் ஆங்கிலக் காரின் வழித்தோன்றல். 1957 முதல் 2014 வரை உருவம் பெரிதும் மாறாமலே அது வெளிவந்தது. தலைப்பாகை கட்டியவரும் நிமிர்ந்து அமரத்தக்க கூரை, குடும்பமே அடங்கும் பின்னிருக்கை, எந்தச் சிற்றூர்க் கொல்லரும் செப்பனிடத்தக்க எளிமை ஆகியவை அதன் சிறப்புகள். அரசு அலுவலகங்களின் வாயிலில் வெள்ளை அம்பாசடர் நின்ற காலத்தை நாம் மறத்தற்கில்லை. எனினும், அதன் திருகுசக்கரம் கனமானது. எண்ணெய்ச் செலவும் சிறிதன்று. பியட் அதனினும் இலேசானது, ஓட்டுவதற்கு இனியது. பம்பாயின் நெருக்கமான தெருக்களில் டாக்சியாக அது நிலைபெற்றதற்கு அதுவே காரணம் எனக் கருதுகிறோம். அங்கே கடைசிப் பத்மினி டாக்சி 2023 அக்டோபரில் விடைபெற்றது. ஹெரால்டோ மூன்றினுள் அழகில் முதன்மையானது. இத்தாலியக் கலைஞர் மிக்கெலோட்டி வடித்த உருவம் அது. முன்மூடியும் இருபுறச் சக்கரக் காப்புகளும் ஒன்றாகவே முன்புறம் கவிழ்ந்து திறக்கும். சிறிய வட்டத்திற்குள் திரும்பும். பழுது பார்ப்பவருக்கு அது ஒரு வரம். ஆனால், நம் கரடுமுரடான சாலைகளுக்கும் நம் குடும்பங்களின் அளவுக்கும் அம்பாசடரே ஈடுகொடுத்தது. எனவே, கண்ணுக்கு ஹெரால்டு, கைக்குப் பியட், காலத்துக்கு அம்பாசடர் என்பது நமது தீர்ப்பு.

இத்தீர்ப்பினூடே ஓர் உண்மையையும் ஒளியாது கூற வேண்டும். இக்கார்களிடம் நாம் வைத்த அன்பின் ஒரு பகுதி, வேறு வழியின்மையிலிருந்து பிறந்தது. பணம் கட்டி ஆண்டுக்கணக்கில் காத்திருந்து பெற்ற பொருளைக் குறைகூற யாருக்கு மனம் வரும்? 1983-இல் மாருதி கார் வந்து, மக்களுக்குத் தெரிந்தெடுக்க வழி பிறந்தபோது அவர்கள் பெருந்திரளாக அதன் பக்கம் சென்றதை நாம் கண்டோம். நினைவின் இனிமை வேறு. பொருளின் தரம் வேறு. சிற்றுருவம் நமக்கு உருவத்தைக் காட்டும். பிரேக்கின் வலிமையையோ, விபத்தில் உயிர் காக்கும் தன்மையையோ காட்டாது. அலமாரியில் அழகாக நிற்பது சாலையிலும் சிறந்தது என்று எண்ணுவது கூடாது.

ஆயினும், இவற்றின் உருவத்தையேனும் காக்க வேண்டிய தேவை இன்று மிகுந்துள்ளது. பதினைந்து ஆண்டுகள் கடந்த அரசு வண்டிகளின் பதிவு 2023 ஏப்ரல் முதல் நாளிலிருந்து புதுப்பிக்கப்படுவதில்லை. அவை உடைத்து உருக்கப்பட வேண்டியவையே. காற்றின் தூய்மையைக் கருதினால் அதனைத் தவறென்று சொல்வதற்கில்லை. அரசர்களின் ரோல்ஸ் ராய்ஸ் கார்களைப் போற்றிக் காக்கப் பலர் உளர். எழுத்தரும் ஆசிரியரும் மருத்துவரும் ஏறிச்சென்ற சாதாரணக் காரைக் காப்பவர் சிலரே. அரியானாவில் தாவுரு என்னும் ஊரில் 2013-இல் திறக்கப்பட்ட போக்குவரத்துப் பொருட்காட்சிச் சாலை போன்றவை இத்துறையில் தொண்டு புரிகின்றன. ஆனால் வீடுதோறும் ஒரு காரை நிறுத்தி வைக்க இயலுமா? பத்துச் சென்டிமீட்டர் கார் ஒன்றை வைக்க இயலும்.

நம் நாட்டிலும் இக்கலைக்கு ஒரு வரலாறு உண்டு. 1960-களின் பிற்பகுதியில், டிங்கி நிறுவனம் பயன்படுத்தி ஓய்ந்த அச்சுக்கள் சில கல்கத்தாவுக்கு வந்து சேர்ந்தன. அடித்தகட்டில் இருந்த பழம்பெயர் நீக்கப்பட்டு, ‘நிக்கி’ என்னும் பெயருடன் அங்கே கார்கள் வார்க்கப்பட்டன. தேய்ந்த அச்சும் தடித்த வண்ணமும் அவற்றின் குறை. இன்று அக்குறையையே அடையாளமாகக் கொண்டு வெளிநாட்டார் அவற்றைத் தேடுகின்றனர். அவற்றுள் ஜாகுவாரும் மெர்சிடிசும் இருந்தன. கல்கத்தாவுக்கு மிக அருகே நாள்தோறும் வெளிவந்த அம்பாசடருக்கு மட்டும் அப்பழைய அச்சுக்களில் இடமில்லை. பிறர் செய்து முடித்த அச்சில் நம் கார் எப்படி இருக்கும்? பிற்காலத்தில் உலக டாக்சிகளின் வரிசையில் வெளிநாட்டார் அதனை உலோகத்தில் வார்த்தனர். நம்மவர்கள் பிளாஸ்டிக்கில் செய்து, பின்னுக்கு இழுத்து விட்டால் முன்னுக்கு ஓடும் பொம்மையாக விற்கின்றனர். விலை மலிவான அப்பொம்மையே பல இல்லங்களில் அக்காருக்கு நினைவுச் சின்னமாக நிற்கிறது.

சேகரிக்க விரும்புவோர்க்குச் சில குறிப்புகள்: நேர்வெயில் வண்ணத்தை வெளிறச் செய்யும்; ஈரம் உலோகத்தைக் கெடுக்கும். ஆதலின் உலர்ந்த, நிழலான கண்ணாடி அலமாரியே தக்க இடம். மெல்லிய தூரிகையால் தூசு நீக்குங்கள். சோப்பு நீரில் ஊறவைக்காதீர்கள். உதிர்ந்த வண்ணத்தின் மேல் புதுவண்ணம் பூசினால் பொருளின் வரலாறே மறையும். மூலப் பெட்டி இருப்பின் அதனையும் பேணுங்கள். ஆனால் பழம்பெட்டியைப் போலவே புதிதாகச் செய்து விற்பாரும் உளர் என்பதை நினைவிற் கொள்ளுங்கள். பழைய வண்ணங்களில் ஈயம் கலந்திருக்கக்கூடுமாதலால், பொருள்களை வாயில் வைக்கும் சிறு குழந்தைகளிடம் அவற்றைக் கொடுக்கலாகாது. நாளை விலை ஏறும் என்று கணக்கிட்டு வாங்குபவர் வணிகராகலாம், சேகரிப்பவர் ஆகமாட்டார்.

எல்லாவற்றிலும் மேலான குறிப்பு ஒன்றுண்டு. அரிய காரைத் தேடி அலைவதற்கு முன், உங்கள் குடும்பத்திலோ தெருவிலோ உண்மையாக ஓடிய காரின் சிற்றுருவத்தை வாங்குங்கள். ஒரு சிறு தாளில் அக்காரின் ஆண்டு, நிறம், அதை வைத்திருந்தவர், அது சென்று வந்த ஊர்கள், அதனால் பட்ட இன்பம், துன்பம் ஆகியவற்றை எழுதி அதனடியில் வையுங்கள். சுடுமண் வண்டியைச் செய்த அரப்பா மக்கள், அதில் ஏறிச் சென்றவர் யார் என்பதை நாம் படித்தறியும் வகையில் எழுதி வைக்கவில்லை. நமக்கு எழுத்தும் இருக்கிறது. கேட்டறியப் பெரியவர்களும் இன்னும் இருக்கிறார்கள். அவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதிவிடுவது நலம்.