சென்னையை வரைந்தவர்கள்: அன்றும் இன்றும்

1909இல் வெளிவந்த இந்திய இம்பீரியல் கெசட்டியர் அட்லஸில் சென்னை நகரின் வரைபடம் ஒன்று இருக்கிறது. அதில் தி.நகரைத் தேடினால் கிடைக்காது. மவுண்ட் ரோட்டுக்கு மேற்கே, நுங்கம்பாக்கத்திலிருந்து சைதாப்பேட்டைப் பக்கம் வரை ஓர் ஏரி நீளமாகப் படுத்திருக்கிறது. லாங் டேங்க் என்று அதற்குப் பெயர். தீபாவளிக்குத் துணி எடுக்க ரங்கநாதன் தெருவுக்குப் போய் மிதிபட்டவர்களுக்கு இதை நம்புவது கொஞ்சம் கஷ்டம்தான்.

பழைய நகரப் படங்களைச் சட்டம் போட்டு வரவேற்பறையில் மாட்டுவது இப்போது ஒரு மோஸ்தர். சென்னையின் படங்களை அப்படி வெறும் அலங்காரமாக மாட்டுவதில் எனக்கு உடன்பாடில்லை. பட்டாவோடும் பத்திரத்தோடும் வைத்துப் படிக்க வேண்டியவை அவை.

முந்தையவற்றில் பெயர்பெற்றது, கவர்னர் தாமஸ் பிட் உத்தரவில் அளந்து 1710 வாக்கில் வரையப்பட்டது. பெரிய வைரம் ஒன்றை இங்கே வாங்கி பிரான்ஸ் ராஜகுடும்பத்துக்கு விற்றாரே, அதே பிட். கோட்டைக்குள் வெள்ளையர் நகரம், புனித மேரி தேவாலயம். வடக்கே மதில் சூழ்ந்த கறுப்பர் நகரம், அதன் நடுவே சென்னகேசவப் பெருமாள் கோயில், சுற்றிலும் தோட்டங்கள். கோட்டைக்கு மேற்கே மதிலை உரசிக்கொண்டு ஓடுகிறது எழும்பூர் ஆறு. அதையும் தாண்டினால் நரிமேடு என்றொரு குன்று.

இந்தப் படத்தை இன்றைய நகரத்தின் மேல் வைத்துப் பார்த்தால் பாதி காணாமல் போயிருக்கும். அந்தக் கறுப்பர் நகரம் இருந்த இடத்தில் உயர் நீதிமன்றம் நிற்கிறது. 1746இல் சென்னையைப் பிடித்த பிரெஞ்சுக்காரர்கள் இடித்ததுபோக மிச்சத்தை, கோட்டைக்கு அருகே எதிரி மறைந்து நிற்க இடம் இருக்கக்கூடாது என்று ஆங்கிலேயரே இடித்தார்கள். கோயிலும் போயிற்று. பிறகு அது பூக்கடைப் பக்கம் புதிதாக எழுந்தது. வடக்கே தள்ளிப்போன ஊர்தான் இன்றைய ஜார்ஜ் டவுன். பீரங்கிக்குத் தடையில்லாத வெட்டவெளி எதுவரை என்று காட்ட 1773இல் எல்லைத் தூண்கள் நட்டார்கள். அவற்றில் ஒன்று பாரிமுனையில் டேர் ஹவுஸை ஒட்டி இன்றும் நிற்கிறது. பஸ்ஸுக்கு ஓடும் அவசரத்தில் அதை யார் பார்க்கிறார்கள்? நரிமேட்டை வெட்டி, அந்த மண்ணால் ஆற்றுப்படுகையைத் தூர்த்து, கோட்டையை மேற்கே அகலப்படுத்தினார்கள். கோட்டைக்குள் நிற்பவர்களில் சிலர் ஆற்றின் மேல் நிற்கிறார்கள்.

கிழக்கே கடலும் அப்போது இருந்த இடத்தில் இல்லை. அந்தக் காலப் படங்களில் கோட்டையின் கடல்வாசலுக்கு வெளியே கொஞ்சம் மணல். அதைத் தாண்டினால் அலை, அலையில் மசூலாப் படகுகள். 1870களில் துறைமுகச் சுவர்கள் கடலுக்குள் நீண்டன. நம் கரையில் மணல் பெரும்பாலும் தெற்கிலிருந்து வடக்கே நகர்வது. சுவர் அதை மறித்ததும் தெற்கே மெரினா அகலமாகிக்கொண்டே போனது. வரவேண்டிய மணல் வராத ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர்ப் பக்கம் கடல் கரையைத் தின்றது. சுண்டலும் பலூனும் விற்கும் மணல்வெளிக்கு வடசென்னை மீனவர் குப்பங்கள் கொடுத்த விலை இது. எந்தப் படத்தின் ஓரத்திலும் இதை எழுதிவைக்கவில்லை.

அளப்பது ஒரு தொழிலாகப் படிந்ததும் இங்கேதான். 1794இல் மைக்கேல் டாப்பிங் எட்டுப் பையன்களோடு தொடங்கிய சர்வே பள்ளிதான் வளர்ந்து கிண்டி பொறியியல் கல்லூரி ஆனது. 1802இல் சர்வேயர் லாம்டன் பரங்கிமலை அருகிலிருந்து பெரும்பாக்கம் குன்று வரை ஏழரை மைல் தூரத்தை நூறடி எஃகுச் சங்கிலியால் அளந்தார். வெயிலில் இரும்பு நீளும் என்பதால் சங்கிலியை மரப்பெட்டிகளில் கிடத்தி, வெப்பமானி வைத்துப் பார்த்துப் பார்த்து அளந்த கணக்கு அது. வசூலுக்கும் படைக்கும் துல்லியம் தேவைப்பட்டது. அந்தத் துல்லியத்தின் தயவில்தான் ஏரியும் மடையும் தோப்பும் படத்தில் இடம்பெற்றன. ஏரிப் பாசனம் இருந்தால்தானே நிலத்துக்கு வரி.

நகரம் வளர்ந்தது. ஏரி வரி தரும் காலம் முடிந்து, ஏரிப் படுகையே மனையாக விலைபோகும் காலம் வந்தது. 1920இல் நகரமைப்புச் சட்டம். 1923இல் மாம்பலம் திட்டம். லாங் டேங்க்கின் நீரை வடித்துத் தெரு போட்டார்கள். நடுவில் பூங்கா, அதிலிருந்து நாலா பக்கமும் கிளை பிரியும் சாலைகள், அவற்றுக்கு நீதிக்கட்சித் தலைவர்களின் பெயர்கள். தியாகராயர், பனகல் அரசர், டி.எம்.நாயர், உஸ்மான், நடேசன் என்று ஓர் அரசியல் வரலாறே ஏரிப்படுகையில் குடியேறியது. 1976இல் திறந்த வள்ளுவர் கோட்டமும் ஏரி கிடந்த இடம்தான். இன்றைய படத்தில் இல்லாவிட்டாலும் விலாசத்தில் ஏரி இன்னும் இருக்கிறது: மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ ரோடு, நுங்கம்பாக்கத்தில் லேக் ஏரியா, டேங்க் பண்ட் ரோடு. திட்டமிட்டுக் கட்டிய பேட்டை என்று தி.நகரைப் புகழ்கிறார்கள். தெருக்களைப் பொறுத்தவரை அந்தப் புகழ் நியாயமே. தண்ணீர் எங்கே போகும் என்ற கேள்விக்கு அந்தத் திட்டத்தில் போதிய பதில் இல்லை. 2021 நவம்பரில் அதே தெருக்களில் முழங்காலளவு நீர் நின்றது.

தலைமுறை ஒன்று முன்பு வரை சென்னைப் படம் என்றால் டிடிகே அச்சிட்ட மடிப்பு வரைபடம். பஸ் பயணத்தில் விரித்தால் பக்கத்து சீட்காரர் மடியிலும் விழும். மடிப்பில் கிழிந்து, சரியாகக் கிழியும் இடத்தில்தான் நாம் போகவேண்டிய தெரு இருக்கும். இப்போது கைபேசி பேசியே வழி சொல்கிறது. எந்தச் சாலை நெரிசலால் சிவந்திருக்கிறது, எந்தக் கடை திறந்திருக்கிறது என்பதெல்லாம் தெரியும். இன்னொரு பக்கம் ஆட்டோ, சென்ட்ரல், கபாலி கோயில், டபரா காப்பி வரைந்த வண்ணப் படங்களைப் பரிசுக் கடைகளில் விற்கிறார்கள். பார்க்க அழகாக இருக்கின்றன. நான் பார்த்தவற்றில் ஒன்றில்கூடப் பள்ளிக்கரணை சதுப்புநிலம் இல்லை.

அன்றைக்கும் இன்றைக்கும் உள்ள பெரிய வித்தியாசத்தை நான் வேறு இடத்தில் பார்க்கிறேன். 2015 வெள்ளத்தில் தன்னார்வலர்கள் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பை வைத்து இணையத்தில் ஒரு வெள்ளப் படம் உருவாக்கினார்கள். நீர் புகுந்த தெருவைத் தெரிந்தவர் யாராக இருந்தாலும் தொட்டுக் குறிக்கலாம். வேளச்சேரியும் மாம்பலமும் கோட்டூர்புரமும் அப்படித்தான் நிறம் மாறின. பிட் காலத்தில் கவர்னர் உத்தரவிட்டால்தான் சென்னைக்குப் படம். இந்தப் படத்தை மாடியில் சிக்கிக்கொண்டவர்களும் சேர்ந்து வரைந்தார்கள். சென்னைக்கு வரைந்த படங்களில் எனக்கு மிகவும் பிடித்தது அதுதான்.

இதற்கு மேல் ஆகவேண்டியது அரசு கையில் இருக்கிறது. சி.எம்.டி.ஏ.வின் இரண்டாம் முழுமைத் திட்டப் படங்கள் இணையத்தில் கிடைக்கின்றன. பட்டாவும் புல வரைபடமும் வீட்டிலிருந்தே எடுக்கலாம். வரைபடங்களுக்கு இருந்த கட்டுப்பாடுகளை மத்திய அரசு 2021 பிப்ரவரியில் வெகுவாகத் தளர்த்திவிட்டது. எழும்பூர் ஆவணக் காப்பகத்திலும் சர்வே துறையிலும் உள்ள பழைய நகரப் படங்களை இவற்றோடு ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்தி, சர்வே எண் கொடுத்தால் அந்த மனை 1800இல் என்னவாக இருந்தது, 1900இல் என்னவாக இருந்தது என்று காட்டும்படி செய்யலாம். கடன் வாங்கி வீடு வாங்குகிறவருக்கு, வில்லங்கச் சான்றிதழைப் போலவே இதுவும் கேட்டால் கிடைக்க வேண்டும்.