குண்டு வெடிக்கும் இடத்தில் ராஜ பட்டாம்பூச்சி!

முதலில் ஒரு புதிர்.

டாங்கிகள் தடதடவென்று ஓடும். துப்பாக்கிகள் டமால் டுமீல் என்று வெடிக்கும். அவ்வப்போது புல்வெளியில் தீயும் பிடிக்கும். இப்படி ஓர் இடத்தில் மெல்லிய சிறகுகள் கொண்ட ஒரு பட்டாம்பூச்சி வாழ முடியுமா?

'என்றைக்கோ பறந்து ஓடியிருக்கும்!' என்றுதானே சொல்வீர்கள்? அதுதான் இல்லை!

அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் ஃபோர்ட் இந்தியன்டவுன் கேப் என்று ஒரு ராணுவப் பயிற்சி மைதானம் இருக்கிறது. பரப்பளவு சுமார் 17,000 ஏக்கர். அங்கே ஜாலியாகப் பறந்துகொண்டிருக்கிறது 'ரீகல் ஃபிரிட்டிலரி' என்ற பட்டாம்பூச்சி. ஒரு காலத்தில் அமெரிக்காவின் கிழக்கு மாநிலங்கள் பலவற்றில் இது பறந்து திரிந்தது. இன்று அந்தப் பகுதியில் இது பெரிய கூட்டமாக மிஞ்சியிருப்பது இந்த மைதானத்தில் மட்டும்தான்!

குண்டுச் சத்தத்துக்கு நடுவே இது எப்படிப் பிழைத்தது? அதைத் தெரிந்துகொள்ள, முதலில் அதன் வாழ்க்கைக் கதையைப் பார்த்துவிடலாம், வாங்க!

பகடையும் பொட்டும்

'ஃபிரிட்டிலரி' என்ற பெயர் எப்படி வந்தது தெரியுமா? பழைய ரோமானியர்கள் தாயம் போன்ற விளையாட்டுகளில் பகடைகளை ஒரு குவளையில் போட்டுக் குலுக்குவார்கள். லத்தீன் மொழியில் அந்தக் குவளையின் பெயர் 'ஃபிரிட்டில்லஸ்'. பகடை மேல் புள்ளிகள் இருப்பதுபோல இந்த வகைப் பட்டாம்பூச்சிகளின் சிறகிலும் புள்ளிகள் இருக்கின்றன. அதனால்தான் இந்தப் பெயர்.

'ரீகல்' என்றால் அரசர்களுக்கு உரியது என்று பொருள். பார்த்தால் நீங்களும் ஒத்துக்கொள்வீர்கள்! சிறகை விரித்தால் 7 முதல் 10 சென்டிமீட்டர் அகலம். முன்சிறகு நல்ல ஆரஞ்சு நிறம். பின்சிறகு நீலம் கலந்த கறுப்பு. அதன் மேல் இரண்டு வரிசைப் புள்ளிகள். வெளிவரிசைப் புள்ளிகள் ஆரஞ்சாக இருந்தால் அது ஆண். இரண்டு வரிசையுமே வெள்ளையாக இருந்தால் அது பெண். சிறகை மூடினாலோ, அடிப்பக்கம் முழுக்க வெள்ளிப் பொட்டுகள்!

இந்த வெள்ளிப் பொட்டழகிக்கு 1773-ல் 'இடாலியா' என்று அறிவியல் பெயர் சூட்டியவர் ட்ரூ ட்ரூரி. லண்டனில் வெள்ளிச் சாமான் வியாபாரம் செய்தவர் அவர்! தூர தேசம் போகும் கப்பல்காரர்களிடம் சொல்லி வைத்து, பூச்சிகளை வரவழைத்துச் சேகரித்தார். 'இடாலியா' என்பது ரோமானியர்களின் அழகுத் தெய்வமான வீனஸின் இன்னொரு பெயர்.

அம்மாவுக்கு அவசரமே இல்லை!

ஜூன் மாதத்தில் ஆண் பட்டாம்பூச்சிகள் முதலில் வெளியே வரும். புல்லுக்கு மேலே தாழப் பறந்தபடி பெண்களைத் தேடும். பெண்கள் ஒன்றிரண்டு வாரம் கழித்துத்தான் வரும். ஜோடி சேர்ந்த பிறகு ஆண்களின் கதை கோடையோடு முடிந்துவிடும்.

பெண் பட்டாம்பூச்சியோ உடனே முட்டை போடாது. வெயில் காலம் முழுக்கப் பூக்களில் தேன் குடித்து, நிழலில் ஓய்வெடுக்கும். நம் ஊர் எருக்கஞ்செடிக்குச் சொந்தமான 'மில்க்வீட்' செடியின் பூக்கள் என்றால் அதற்குக் கொள்ளை ஆசை. ஆகஸ்ட் கடைசியில்தான் முட்டை போட ஆரம்பிக்கும். எத்தனை முட்டை தெரியுமா? ஒரே பட்டாம்பூச்சி 2,000-க்கும் மேல் போடக்கூடும். அடேங்கப்பா!

ஏன் இத்தனை? இதன் புழு சாப்பிடுவது வயலட் என்ற குட்டைச் செடியின் இலைகளை மட்டும்தான். ஆனால் அம்மா முட்டை போடும் நேரத்தில் பெரும்பாலான வயலட் இலைகள் வாடிக் காய்ந்திருக்கும். அதனால் புல், சருகு, குச்சி என்று கண்ட இடத்திலெல்லாம் ஒவ்வொன்றாக முட்டை போட்டுக்கொண்டே போகும். வயலட்டைத் தேடிக் கண்டுபிடிப்பது பிள்ளைகளின் பாடு! அதில் பெரும்பாலானவை தோற்றுவிடும். ஒன்றிரண்டாவது ஜெயிக்க வேண்டுமே. அதற்காகத்தான் இத்தனை முட்டைகள்.

பட்டினியோடு ஒரு பனிக்காலம்

மூன்று நான்கு வாரங்களில் முட்டையிலிருந்து புழு வெளியே வரும். அளவு? ஒரு குண்டூசித் தலை அளவுதான்! பிறந்ததும் அது என்ன செய்யும்? சாப்பிடாது. சருகுகளுக்கு அடியில் போய்ப் படுத்துவிடும். அதற்குப் பிறகு பனி கொட்டும். தண்ணீர் உறைந்து கட்டியாகும். ஏறக்குறைய ஆறு மாதம் அந்தத் தக்கனூண்டு புழு ஓர் இலையைக்கூடக் கடிக்காமல் உயிரைப் பிடித்துக்கொண்டு கிடக்கும்!

வசந்தம் வந்து வயலட் துளிர்விடும்போது புழுவும் எழுந்திருக்கும். அந்தப் பொடிக் கால்களால் நடந்து நடந்து வயலட்டைத் தேட வேண்டும். பக்கத்தில் செடி இருந்தால் பிழைத்தது. இல்லாவிட்டால் கதை முடிந்தது.

செடி கிடைத்துவிட்டாலோ ஒரே விருந்துதான்! ஐந்து முறை தோலை உரித்து, உடம்பெல்லாம் கிளை கிளையாக முட்களோடு வளரும். பிறகு புல் இலைகளைப் பட்டு நூலால் இழுத்துக் கட்டி ஒரு சின்னக் கூடாரம் செய்து, அதற்குள் தலைகீழாகத் தொங்கிக் கூட்டுப்புழுவாகிவிடும். சில வாரங்களில் ராஜ பட்டாம்பூச்சி ரெடி!

புதிருக்கு விடை

இப்போது யோசியுங்கள். இந்தப் பட்டாம்பூச்சிக்கு எது ரொம்ப முக்கியம்? வயலட் செடி! வயலட் குட்டையான செடி. சுற்றிலும் புதரும் மரமும் உயரமாக வளர்ந்துவிட்டால் அதற்கு வெயில் கிடைக்காது. அது அழிந்தால் புழுவும் அழியும்.

பழைய காலத்தில் அமெரிக்கப் புல்வெளிகளில் மின்னல் விழுந்து தீப்பிடிக்கும். அங்கே வாழ்ந்த பூர்வகுடி மக்களும் புல்லுக்குத் தீ வைப்பார்கள். நடுப்பகுதிச் சமவெளிகளில் காட்டெருமைகள் கூட்டம் கூட்டமாக மேயும். அதனால் மரங்கள் மண்டாமல் புல்வெளி திறந்தே கிடந்தது. பிறகு என்ன ஆயிற்று? சமவெளிகளை உழுது வயல்களாக மாற்றினார்கள். அங்கே இருந்த உயரப் புல்வெளியில் நூற்றுக்கு 4 பங்குகூட இன்று மிச்சமில்லை. கிழக்கே வீடுகள் வந்தன. கைவிட்ட மேய்ச்சல் நிலங்களில் காடு வளர்ந்தது.

ராணுவ மைதானத்தில் மட்டும் பழைய நிலைமை வேறு வடிவத்தில் தொடர்ந்தது! டாங்கிகள் புதரை நசுக்கி மண்ணைக் கிளறின. குண்டுகளின் தீப்பொறி பட்டுப் புல் எரிந்தது. வெயில் பட்ட மண்ணில் வயலட் முளைத்தது. காட்டெருமையின் வேலையை டாங்கியும், மின்னலின் வேலையைக் குண்டும் செய்துவிட்டன!

1990-களில் இந்தப் பட்டாம்பூச்சியைக் காப்பாற்ற நினைத்து, மைதானத்தின் சில பகுதிகளில் பயிற்சியை நிறுத்தினார்கள். நல்ல எண்ணம்தான். ஆனால் அங்கெல்லாம் புதர் மண்டியது, வயலட் குறைந்தது. வேலி போட்டு அப்படியே விட்டுவிட்டால் மட்டும் போதாது என்று அப்போது புரிந்தது.

அதனால் இப்போது விஞ்ஞானிகள் அங்கே வேண்டுமென்றே தீ வைக்கிறார்கள். ஆனால் முழுவதையும் எரிக்கமாட்டார்கள். சருகுக்குள் தூங்கும் புழுக்களும் கருகிவிடுமே! ஒரு பகுதியை எரிப்பார்கள். மற்ற பகுதிகளை விட்டுவைப்பார்கள். அங்கே பிழைத்த பட்டாம்பூச்சிகள், எரிந்த இடத்தில் புதிதாக முளைக்கும் வயலட்டைத் தேடி வந்துவிடும். சாக்லேட்டுக்குப் பேர்போன ஹெர்ஷி நகரில் உள்ள 'ஜூ-அமெரிக்கா' உயிரியல் பூங்காவிலும் இந்தப் புழுக்களை வளர்த்திருக்கிறார்கள்.

ஆனாலும் ஆபத்து நீங்கவில்லை. இந்தப் பட்டாம்பூச்சியை அழியும் ஆபத்தில் உள்ள உயிரினங்களின் பட்டியலில் சேர்க்க வேண்டும் என்று 2024 ஆகஸ்டில் அமெரிக்க மீன் மற்றும் வனவுயிர்த் துறை முன்மொழிந்தது.

நம் மலையிலும் ஒரு சொந்தக்காரர்!

நீலகிரி, பழனி மலைகளின் உயரமான புல்வெளிகளிலும் ஒரு ஃபிரிட்டிலரி பறக்கிறது. அதன் புழுவுக்கும் வயலட் இலைதான் சாப்பாடு! ஊட்டிக்கோ கொடைக்கானலுக்கோ போனால், ஆரஞ்சுச் சிறகில் கறுப்புப் புள்ளிகளோடு யாராவது பூவில் உட்கார்ந்திருக்கிறார்களா என்று பாருங்கள். அப்படியே குனிந்து, புல்லுக்கு நடுவே இருக்கும் சின்னச் செடிகளையும் கவனியுங்கள். மிதித்துவிடாதீர்கள், சரியா? அது யாருக்காவது சாப்பாடாக இருக்கலாம்!

துளித் துளியாய்...

* ரீகல் ஃபிரிட்டிலரி வருடத்துக்கு ஒரே ஒரு தலைமுறைதான்.
* புழுவின் உடம்பில் முட்கள் இருந்தாலும் அவை கொட்டாது.
* இதில் இரண்டு பிரிவுகள் உண்டு. கிழக்குப் பிரிவு பென்சில்வேனியா பக்கம். மேற்குப் பிரிவு கான்சாஸ், நெப்ராஸ்கா போன்ற சமவெளி மாநிலங்களில்.
* பல பட்டாம்பூச்சிகள் பூவிலிருந்து தேன் குடிக்கும். ஆனால் புழுவுக்கு அதற்கென்று உள்ள செடியே வேண்டும். அது இல்லாவிட்டால் பட்டாம்பூச்சியும் இல்லை!