கடன் விண்ணப்பமும் ஆளடையாளமும்

கடன் வேண்டுவோர் ஒருவர் ஒரு வங்கியில் எழுதிக் கொடுக்கும் பெயரும் பிறந்த நாளும் பிறிதொரு வங்கியில் கொடுப்பனவற்றோடு ஒத்திருத்தல் வேண்டும் என்பது மிக எளிய விதியாகவே தோன்றும். ஆயின், கண்டி, பேராதனை, கலஹா முதலிய இடங்களிற் சிறுகடையும் கைத்தொழிலும் நடத்துவோரின் நிலையை நோக்கின், அஃது அத்துணை எளிதன்று என்பது புலனாகும்.

2020 ஆம் ஆண்டுப் பெருந்தொற்றின்போது இலங்கை மத்திய வங்கி சிறுதொழில்களுக்கு 4 சதவீத வட்டியிற் கடன் கிடைக்க வழிசெய்தது. விண்ணப்பங்களை ஏற்றவை ஏனைய வங்கிகளே. இத்தகைய கடன்களில் ஒருவரை இருவராகவோ, இருவரை ஒருவராகவோ கொள்ளுதல் பெருந்தீங்கு. முன்னதாற் சலுகைக் கடன் ஒருவர்க்கே இருமுறை செல்லும். பின்னதால், ஒருவர் செலுத்தாத கடன் மற்றொருவர் தலையில் ஏறி, அவர் கடையை மூடவும் நேரும். 1990 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த கொடுகடன் தகவல் பணியகம் வங்கிகள் அனுப்பும் விவரங்களைத் தொகுத்து வைக்கின்றது. அனுப்பப்படும் விவரம் பிழையாயின் தொகுப்பும் பிழையேயாம்.

பெயரை மட்டும் நம்புதல் தமிழர் திறத்திற் சிறிதும் பொருந்தாது. குடும்பப் பெயர் என்பதே நம்மவரிடைப் பெரும்பாலும் இல்லை. தந்தை பெயரின் முதலெழுத்தே முன்னிற்கும். மணமான பின் சில பெண்டிர் கணவர் பெயரெழுத்தைக் கொள்வர். கந்தசாமி என்னும் பெயரை ஆங்கிலத்தில் எழுதுங்கால், நடுவிலுள்ள தகரத்துக்கு ஒருவர் 'டி' மட்டும் இடுவார். யாழ்ப்பாணத்தவர் 'டி, எச்' என ஈரெழுத்து இடுவர். பாலன் என்பதன் முதலெழுத்து 'பி'யாகவும் அமையும், 'பீ'யாகவும் அமையும். தோட்ட லயங்களில் வாழ்வோர்க்கு முகவரியும் உறுதியானதன்று. தோட்டத்தின் பெயரை ஒருவர் ஆங்கில வழக்கிலும் மற்றொருவர் தமிழ் வழக்கிலும் எழுதுவர்.

ஆதலின் தேசிய அடையாள அட்டை இலக்கமே பற்றுக்கோடாகின்றது. ஆயினும் அதுவும் இரு வடிவினது. பழைய இலக்கம் ஒன்பது எண்களும் ஈற்றில் ஓர் எழுத்தும் உடையது. 2016 முதல் வழங்குவது பன்னிரண்டு எண்களாலாயது. பழையதன் முன் 19 சேர்த்து, ஐந்தாம் எண்ணின் பின் ஒரு சுழியம் இட்டு, ஈற்றெழுத்தை நீக்கின் புதியது பெறப்படும். இம்மாற்றத்தைச் செய்யாத பதிவேட்டில் ஒருவரே இருவராய் நிற்பர்.

பிறந்த நாளை இலக்கத்தோடு ஒப்பிடுவோர் இன்னொன்றையும் அறிதல் நன்று. ஆண்டின் எத்தனையாவது நாள் என்பதே இலக்கத்தில் அடங்கியுள்ளது. பெண்டிர்க்கு அதனோடு 500 கூட்டப்படும். பெப்ரவரிக்கு எவ்வாண்டிலும் 29 நாள் கொள்ளப்படுவதால், 1985 மார்ச் 1 இற் பிறந்த பெண்ணின் எண் 560 அன்று, 561 ஆகும். நாட்காட்டியை எண்ணிப் பார்க்கும் எழுதுவினைஞர் இதனைப் பொய்யென்று தள்ளிவிடலாகாது.

கடன் பெறுவோர் தம்மைப் பற்றிய அறிக்கையைப் பணியகத்திடமிருந்து தாமே பெறலாம். விண்ணப்பிக்கும் முன்னரே அதனைப் பெற்று, பெயரும் இலக்கமும் அட்டையிலுள்ளவாறே பதிவாகியுள்ளனவா என நோக்கி, பிழை காணின் உரிய வங்கியிடம் எழுத்தில் முறையிடுதல் தகும்.