2003 டொர்னாடோ வானூர்தி வீழ்த்தப்பட்ட நிகழ்வு

2003 டொர்னாடோ வானூர்தி வீழ்த்தப்பட்ட நிகழ்வு என்பது, ஈராக் போரின்போது பிரித்தானிய வான்படையின் டொர்னாடோ ஜிஆர்4ஏ வகைப் போர் வானூர்தி ஒன்றை, நேச நாடான அமெரிக்காவின் பேட்ரியாட் ஏவுகணை அணி தவறுதலாகச் சுட்டு வீழ்த்தியதைக் குறிக்கும். இது 2003 மார்ச் 23 அன்று அதிகாலையில் ஈராக்-குவைத் எல்லைக்கு அருகே நிகழ்ந்தது. விமானி கெவின் மெயின், வழிச்செலுத்துநர் டேவிட் வில்லியம்ஸ் ஆகிய இருவரும் உயிரிழந்தனர்.

அடையாளம் காணும் முறை

பேட்ரியாட் என்பது தரையிலிருந்து வானிலுள்ள இலக்கைத் தாக்கும் ஏவுகணை அமைப்பாகும். வானில் ஒரு பொருளை ராடார் கண்டறிந்ததும், அதன் பறப்பு முறையைக் கொண்டு அது எவ்வகையைச் சேர்ந்தது எனக் கணினி வகைப்படுத்தி, திரையில் ஒரு குறியீடாகக் காட்டும்.

இதைத் தவிர, நட்பு-பகை அடையாளங்காட்டி என்னும் கருவியும் உண்டு. தரையிலிருந்து மறைகுறியீட்டு வினா ஒன்று வானலையாக அனுப்பப்படும். நேச அணியின் வானூர்தியிலுள்ள கருவி அதற்குத் தானாகவே விடையளிக்கும். விடை கிடைத்தால் அது நட்பு வானூர்தி என்பது உறுதியாகும். ஆனால் விடை கிடைக்காததால் மட்டும் அது பகை வானூர்தி ஆகிவிடாது; கருவி பழுதடைந்திருந்தாலும் விடை வராது.

நிகழ்வு

டொர்னாடோ தன் தாக்குதல் பணியை முடித்துக்கொண்டு குவைத்திலுள்ள அலி அல் சலீம் வான்படைத் தளத்திற்குத் திரும்பிக்கொண்டிருந்தது. பேட்ரியாட் கணினி அதனைக் கதிர்வீச்சு எதிர்ப்பு ஏவுகணை, அதாவது ராடாரின் அலைகளைப் பின்பற்றி வந்து அந்த ராடாரையே தாக்கும் ஏவுகணை, எனக் காட்டியது. அது தங்களை நோக்கியே வருவதாக அணியினர் கருதினர். அடையாள வினாவிற்கு விடை வரவில்லை. முடிவெடுக்க அவர்களுக்கு ஏறத்தாழ ஒரு நிமிடமே இருந்தது. தற்காப்பு எனக் கருதி ஏவுகணையைச் செலுத்தினர்.

விசாரணை முடிவுகள்

பிரித்தானியப் பாதுகாப்பு அமைச்சகத்தின் விசாரணை அறிக்கைச் சுருக்கம் 2004 மே மாதம் வெளியானது. அது ஒரு தனிக் காரணத்தைக் குறிப்பிடாமல், பல காரணங்கள் ஒன்றுசேர்ந்ததையே சுட்டிக்காட்டியது. அவற்றுள் முக்கியமானவை:

* உலகெங்கும் உள்ள பலவகை ஏவுகணைகளை மனத்திற்கொண்டு வகுக்கப்பட்டிருந்ததால், கணினியின் வகைப்படுத்தல் அளவுகோல்கள் மிகவும் விரிந்தவையாக இருந்தன.
* வானூர்தியின் அடையாளங்காட்டி செயற்படவில்லை. மின்வழங்கல் பழுதே இதற்குப் பெரும்பாலும் காரணமாக இருக்கலாம் எனவும், அப்பழுது வானோடிகளுக்குத் தெரியவந்திருக்காது எனவும் கருதப்பட்டது.
* ஏவுகணை அணியின் தொலைத்தொடர்புக் கருவிகள் இன்னும் வந்துசேரவில்லை. இதனால் வானின் முழு நிலவரம் அவர்களுக்குக் கிட்டவில்லை.
* பொதுவான அச்சுறுத்தல்களை எதிர்கொள்ளவே அணியினருக்குப் பயிற்சி அளிக்கப்பட்டிருந்தது. பொய்யான எச்சரிக்கைகளைக் கண்டறிவதில் அப்பயிற்சி கவனம் செலுத்தவில்லை.

பின்விளைவுகள்

2003 ஏப்ரல் 2 அன்று அமெரிக்கக் கடற்படையின் எஃப்/ஏ-18 வானூர்தி ஒன்றும் பேட்ரியாட் ஏவுகணையால் வீழ்த்தப்பட்டு, அதன் விமானி உயிரிழந்தார். 2005 இல் அமெரிக்கப் பாதுகாப்பு அறிவியல் வாரியம் பேட்ரியாட்டின் செயற்பாடு குறித்து அறிக்கை வெளியிட்டது. இப்போரில் நேச அணியின் வானூர்திகள் ஏறத்தாழ 41,000 முறை பறந்தன. பேட்ரியாட் எதிர்கொண்ட எதிரியின் எறிபாதை ஏவுகணைகளோ 9 மட்டுமே. பெருமளவிலான ஏவுகணைத் தாக்குதலை எதிர்கொள்வதற்கென அமைந்த தானியங்கு முறை, நட்பு வானூர்திகளே நிறைந்திருந்த வானத்திற்குப் பொருந்தவில்லை. எனவே இயக்குநர்களின் மேற்பார்வையும் கட்டுப்பாடும் அதிகரிக்கப்பட வேண்டும் என வாரியம் பரிந்துரைத்தது.