‘கஸ்டம்’ என்றால் கேள்வி கேட்கக் கூடாதா?

மெல்லிசை மேடைகளில் பாடகர் காலடியில் இருந்த மானிட்டர் ஸ்பீக்கரின் இடத்தை இன்-இயர் மானிட்டர் பிடித்து வருகிறது. காதில் அச்செடுத்து அவரவருக்கென்றே வார்க்கும் ‘கஸ்டம்’ ஜோடிக்கு லட்சத்தைத் தாண்டியும் விலை உண்டு. அவ்வளவு கொடுத்தும் பொருந்தாமல் போகும். கடையில் கேட்டால், “கஸ்டம் ஐட்டம் சார், ரிட்டர்ன் கிடையாது” என்பார்கள். அந்தப் பதிலை வாங்கிக்கொண்டு திரும்ப வேண்டியதில்லை.

பணம் இருக்கட்டும், முதலில் காது. மானிட்டர் சரியாக அடைக்காவிட்டால் பேஸ்தான் முதலில் காணாமல் போகும். வெளியிலிருந்து டிரம்ஸ் சத்தம் இடுக்கு வழியே உள்ளே நுழையும். பாடகர் சவுண்ட் இன்ஜினியரைப் பார்த்துக் கையை உயர்த்துவார், வால்யூம் ஏறும். 85 டெசிபெல் சத்தத்தில் 8 மணி நேரம் இருக்கலாம், ஒவ்வொரு 3 டெசிபெல் கூடும்போதும் அந்த நேரம் பாதியாகும் என்பது அமெரிக்கத் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியோஷின் கணக்கு. 100 டெசிபெல்லுக்கு 15 நிமிடம்தான். கச்சேரியோ மூன்று மணி நேரம். ஒரு பக்கத்தைக் கழற்றித் தோளில் தொங்கவிட்டுப் பாடுவது இன்னும் மோசம். மறு காதில் இரட்டிப்புச் சுமை. உட்செவியின் மயிரணுக்கள் செத்தால் மறுபடி முளைப்பதில்லை.

பொருத்தம் கெடுவது பெரும்பாலும் அச்செடுக்கும்போதுதான். கடைப் பையனிடமோ, வீட்டிலேயே கலந்து ஊற்றும் கிட்டிடமோ காதைக் கொடுக்காதீர்கள். இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவுபெற்ற ஆடியாலஜிஸ்டிடம் போங்கள். அவர் முதலில் விளக்கடித்துப் பார்ப்பார். குறும்பி இருந்தால் எடுத்த பிறகே வேலை. நூல் கட்டிய சிறு பஞ்சுத் தடுப்பைக் காதுக்குழாயின் இரண்டாம் வளைவு தாண்டி வைத்துவிட்டு, சிலிக்கோனைச் செலுத்துவார். தடுப்பு இல்லாமல் ஊற்றினால் அது செவிப்பறையில் ஒட்டும். பறையில் ஓட்டை இருந்தால் நடுச்செவிக்குள் போய், அறுவை சிகிச்சையில் முடியலாம். காதில் சீழ், ஓட்டை, பழைய ஆபரேஷன் எதுவானாலும் காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பார்த்த பிறகே அச்சு.

பாடகர்கள் வாயைத் திறந்தபடி அச்செடுக்க வேண்டும். பற்களுக்கிடையே சிறு கட்டை வைப்பார்கள். தாடை அசைந்தால் காதுக்குழாயின் வடிவமே மாறும். வாய் மூடி எடுத்த அச்சில் வார்த்த மானிட்டர், உச்ச ஸ்தாயிக்கு வாயைத் திறந்ததும் காற்றுக்கு வழிவிடும். உடல் எடை கூடியோ குறைந்தோ இருந்தால் பழைய அச்சு உதவாது.

கையில் வந்ததும் கண்ணாடி முன் நின்று பாடிப் பாருங்கள், தலையைத் திருப்புங்கள், சிரியுங்கள். பேஸ் விட்டுவிட்டு வந்தாலோ ஒரே இடத்தில் வலித்தாலோ எந்த இடம் என்று குறித்து, படத்தோடு உடனே எழுத்தில் அனுப்புங்கள். தயாரிப்பாளர்கள் பலர் குறிப்பிட்ட நாட்களுக்குள் இலவசமாகத் திருத்தித் தருவார்கள். அந்தக் கெடு எத்தனை நாள், எப்போதிலிருந்து எண்ணுவார்கள் என்பதை முன்பணம் கட்டும்போதே பில்லில் எழுதி வாங்குங்கள்.

தகராறு வந்தால் அச்சு சரியில்லை என்பார் தயாரிப்பாளர், வார்ப்பு சரியில்லை என்பார் ஆடியாலஜிஸ்ட். அதனால்தான் அச்சை அனுப்பும் முன் நாலாபுறமும் படமெடுத்து வைக்கவேண்டும். இரண்டு பில்லும் தனித்தனியாக வேண்டும். புகாரில் இருவரையும் எதிர்தரப்பாகச் சேர்க்கலாம்.

2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, குறையுள்ள பொருளை பில்லில் சொன்ன காலத்துக்குள், காலம் சொல்லாவிட்டால் 30 நாட்களுக்குள், திரும்பப் பெற்றுப் பணம் தர மறுப்பது முறையற்ற வணிகம். பில் தராததும் அப்படியே. “நீங்கள் தொழிலுக்கு வாங்கியது, நுகர்வோர் இல்லை” என்று மடக்கினால் அசர வேண்டாம். சுயதொழிலாகப் பிழைப்புக்கு வாங்கித் தானே பயன்படுத்துபவரும் நுகர்வோர்தான் என்று சட்டமே விளக்கம் தருகிறது.

முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதில் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கடை வேறு மாநிலத்தில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். கெடு இரண்டு ஆண்டு. கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணமில்லை. அதுவரை வலிக்கும் இடத்தை உப்புத்தாளால் நீங்களே தேய்க்காதீர்கள். கைவைத்த பொருள் என்று எதிர்தரப்பு கைகழுவிவிடும்.